பெட்டி யாருடையது?

மின்வாரியத்துக்கும் நமக்கும் நடுவே ஒரு எல்லைக்கோடு உண்டு. மீட்டர்! அதுவரைக்கும் வாரியத்தின் ராஜ்ஜியம். சீல் வைத்திருப்பார்கள், நாம் கை வைத்தால் தப்பு. மீட்டரைத் தாண்டிவிட்டால் நம் ராஜ்ஜியம். மிக்ஸி என்ன பிராண்ட், எந்த அறையில் எத்தனை ஃபேன் என்று எந்த லைன்மேனும் வந்து கேட்பதில்லை.

இன்டர்நெட் கம்பெனிகள் மட்டும் ஹாலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டு, ரிமோட்டையும் கையில் வைத்துக்கொள்கின்றன.

ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்கள் சுவரைப் பாருங்கள். கண் சிமிட்டிக்கொண்டு ஒரு பெட்டி தொங்கும். பார்க்க ஒன்று, பல வீடுகளில் அதற்குள் இருப்பது மூன்று. கண்ணாடி இழை வழியாக வரும் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுவது ஒரு வேலை. வந்த இணைப்பை போன், டி.வி., லேப்டாப்புக்கெல்லாம் பிரித்து, எது எங்கே போகவேண்டும் என்று வழிகாட்டுவது இன்னொரு வேலை. இதுதான் ரவுட்டர். மூன்றாவது, வைஃபை. முதல் வேலை கம்பெனியுடையது, மறுக்கவில்லை. மற்ற இரண்டும் என் வீட்டு வேலை அல்லவா?

இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் 'பிரிட்ஜ் மோட்' என்று ஒரு செட்டிங் உண்டு. அதைப் போட்டால் பெட்டி ரவுட்டர் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வெறும் பாலமாக நிற்கும். வருவதை அப்படியே உங்கள் சொந்த ரவுட்டருக்குத் தள்ளிவிடும். கம்பெனியின் நெட்வொர்க்கில் லாகின் செய்வது (பி.பி.பி.ஓ.இ. என்பார்கள்) அதற்கப்புறம் உங்கள் ரவுட்டரின் பொறுப்பு. அதற்கு வழக்கமாகத் தேவைப்படுவது யூசர்நேம், பாஸ்வேர்ட், வி-லேன் எண். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம்.

கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் தர மாட்டாங்க சார். கம்பெனி பாலிசி." இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டால், "எதுக்கு சார்? நெட்டு நல்லாத்தானே வருது?"

எதுக்கா? சொல்கிறேன்.

பிரிட்ஜ் போடாமல் சொந்த ரவுட்டரையும் மாட்டினால், இரண்டுமே முகவரி மாற்றும் வேலையைச் செய்யும். 'டபுள் நாட்' என்று பெயர். ஒரே அபார்ட்மென்ட்டில் ஒருவரையொருவர் தெரியாத இரண்டு வாட்ச்மேன்கள் மாதிரி. வெளியே போகிறவருக்கு இருவரும் சல்யூட் அடிப்பார்கள். உள்ளே வருகிறவர் பாடுதான் திண்டாட்டம். ஆபீசிலிருந்து வீட்டு கம்ப்யூட்டருக்குள் நேராக நுழையப் பார்த்தால், கேட்டில் இருப்பவர் "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டு கேமரா மட்டும் எப்படித் தெரிகிறது என்கிறீர்களா? அது பெரும்பாலும் கேமரா கம்பெனியின் சர்வர் வழியாக ஊரைச் சுற்றி வருகிறது.

(ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பல கம்பெனிகள் ஒரே பொது முகவரியை ஏகப்பட்ட வீடுகளுக்குப் பங்கு போடுகின்றன. பழைய முறையில் இருப்பது சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. உங்கள் ரவுட்டரில் தெரியும் வெளி முகவரி 100.64-லிருந்து 100.127-க்குள் ஆரம்பித்தால் நீங்களும் அந்தப் பங்காளிதான். அதற்கு பிரிட்ஜ் மருந்தில்லை.)

சரி, வாட்ச்மேனை விடுங்கள். எனக்கு உறுத்துவது வேறு. டி.ஆர்.-069 என்று 2004-லிருந்து ஒரு முறை இருக்கிறது. கம்பெனி அதன் வழியாகத் தன் அலுவலகத்திலிருந்தே உங்கள் பெட்டியின் செட்டிங்கை மாற்றலாம். வீட்டில் என்னென்ன கருவிகள் இணைந்திருக்கின்றன என்ற பட்டியலை எடுக்கவும் அதில் வசதி உண்டு. லைன்மேன் மிக்ஸியை எண்ணுகிற கதை!

"ஜனங்க கையில குடுத்தா கெடுத்துடுவாங்க, ஹேக் ஆயிடும்" என்பது அவர்கள் வாதம். 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச் டெலிகாமின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு தடுமாறியது. காரணமான தாக்குதல் குறிவைத்தது, கம்பெனிகள் தொலைவிலிருந்து நிர்வகிக்க வைத்திருக்கும் அதே வாசலை. இங்கே 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். மோடம்கள் ஆயிரக்கணக்கில் படுத்தன. 'அட்மின்' என்ற பிறவி பாஸ்வேர்ட் மாறாமலே இருந்த மோடம்கள் அவை. நோண்டிக் கெடுத்தவர்கள் அல்ல, நோண்டாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

இந்த வாதம் புதிதுமல்ல. அமெரிக்காவில் 'ஹஷ்-எ-ஃபோன்' என்று ஒரு கிண்ணம் விற்றார்கள். பேசுவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காமலிருக்க, டெலிபோனின் வாயில் மாட்டிக்கொள்ளும் வெறும் கிண்ணம். ஒயர் கிடையாது, மின்சாரம் கிடையாது. அதற்கே ஏ.டி. அண்ட் டி. எதிர்ப்புத் தெரிவித்தது! ஒழுங்குமுறை ஆணையமும் கம்பெனி பக்கமே சாய, 1956-ல் கோர்ட்தான் அதைத் திருத்தியது. 1968-ல் 'கார்ட்டர்ஃபோன்' வழக்கில் அந்த ஆணையமே, நெட்வொர்க்குக்குக் கெடுதல் செய்யாத வெளிக் கருவிகளை இணைக்கலாம் என்றது.

ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் எந்த ரவுட்டரை மாட்டுவது என்பது வாடிக்கையாளர் இஷ்டம். லாகின் விவரத்தைக் கேட்காமலேயே கொடுக்கவேண்டும் என்பது சட்டம். பெர்லினில் வானம் இடிந்து விழவில்லை.

பி.காம். படித்த புத்தி, கணக்குப் போடாமல் விடாது. பெட்டிக்கு டெபாசிட் நான் கட்டுகிறேன். 'இலவசம்' என்றால் அந்த விலை பிளானுக்குள் ஒளிந்திருக்கும். கரன்ட்டும் என்னுடையது. 10 வாட் என்று வைத்தாலும் மாதம் 7 யூனிட் தாண்டும். சாவி மட்டும் அவர்களிடம். இது எந்த ஊர் வாடகை ஒப்பந்தம்?

எல்லோரும் பிரிட்ஜுக்கு மாறுங்கள் என்று சொல்லவில்லை. வயதான அப்பா அம்மா மட்டும் இருக்கிற வீட்டில் பெட்டி பாட்டுக்கு இருக்கட்டும். ரிப்பேர் என்றால் கம்பெனியே வந்து பார்க்கும், நிம்மதி. மாற நினைப்பவர்கள் முதலில் பழைய செட்டிங்கை ஒவ்வொரு பக்கமாக போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜ் போட்டதும் பல பெட்டிகளில் வைஃபையும் நின்றுவிடும். சொந்த ரவுட்டர் தயாராக இருக்கவேண்டும்.

புது இணைப்பு வாங்குகிறவர்கள், பிரிட்ஜ் உண்டா, லாகின் விவரம் தருவீர்களா என்று ஈ-மெயிலில் கேட்டு, பதிலையும் ஈ-மெயிலில் வாங்குங்கள். வருஷப் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால். கட்டிய பிறகு கேட்டால் வருகிற பதில்தான் தெரியுமே.