தையல்

வேட்டைக்குச் செல்பவர் எத்தகைய பூட்ஸ் வாங்க வேண்டும் என்று அறிவுரை கூறும் எழுத்துகள் இரண்டு தகுதிகளைத் தவறாமல் கேட்கின்றன. காலுக்கு இதமாக இருக்க வேண்டும். நீர் புகக் கூடாது. எளிய கோரிக்கைகள் போலத் தோன்றினாலும் இவை ஒன்றையொன்று பகைத்துக்கொள்பவை. ரப்பர் பூட்ஸ் வெளியிலிருந்து ஒரு சொட்டு நீரையும் உள்ளே விடாது. நாள் முழுதும் நடக்கும் கால் சுரக்கும் வியர்வையை வெளியேயும் விடாது. மாலையில் கழற்றிப் பார்த்தால், சதுப்பில் இறங்காமலேயே காலுறை நனைந்திருக்கும். தோல் பூட்ஸ் வியர்வையைப் போக விடும். ஓடையைக் கடந்தால் நீரையும் வர விடும். குளிர்நாடுகளில் இதை வெறும் வசதிக் குறைவு என்று தள்ளிவிட முடியாது. நனைந்த கால் உலர்ந்த காலைவிட மிக விரைவாக வெப்பத்தை இழக்கும். உறைபனியில் முதலில் விரல்கள் மரத்துப்போகும். பிறகு விரல்களே போய்விடும்.

இந்தப் பகையை யார் எவ்வாறு தீர்த்தார்கள் என்பதுதான் வேட்டைக் காலணியின் வரலாறு. அதை மிகச் சிறப்பாகத் தீர்த்தவர்களை உலகம் எவ்வாறு நடத்தியது என்பதே நான் இங்கே சொல்ல விரும்புவது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த லியான் லியன்வுட் பீன், ஈரக் காலோடு வேட்டையிலிருந்து திரும்பிச் சலித்தவர். அடிப்பகுதியை ரப்பராலும் மேற்பகுதியை மெல்லிய தோலாலும் செய்து இரண்டையும் இணைத்துத் தைத்தால் என்ன என்று எண்ணினார். 1912இல் அதற்கு மெய்ன் வேட்டைக் காலணி என்று பெயரிட்டு அஞ்சல்வழி விற்றார். முதலில் விற்ற 100 இணைகளில் 90 திரும்பி வந்தன என்பது அவர் தொடங்கிய நிறுவனமே பெருமையோடு சொல்லும் கதை. தோலோடு சேர்த்துத் தைத்த இடத்தில் ரப்பர் பிரிந்துவிட்டது. பீன் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கடன் வாங்கி, குறையைத் திருத்தி மீண்டும் செய்தார். வணிக நேர்மைக்கு எடுத்துக்காட்டாக இதனைச் சொல்வார்கள். என் கவனத்தில் தங்குவது வேறொன்று. அவருடைய யோசனை சரியாகவே இருந்தது, தோற்றது தையல். நீர் எப்போதும் துளையைத் தேடுகிறது. காலணியில் ஊசி புகுந்த இடமெல்லாம் துளைதான்.

அடுத்த பெரிய முயற்சி வேதியியலிலிருந்து வந்தது. 1969இல் பாப் கோர் என்பவர், ஒட்டாத வாணலிகளில் பூசப்படும் டெஃப்லான் வகைப் பொருளைச் சட்டென்று இழுத்து நீட்டியபோது, அது நுண்துளைகள் நிறைந்த படலமாக மாறக் கண்டார். நீர்த்துளி புக முடியாத, ஆனால் நீராவி போக முடிகிற துளைகள். கோர்டெக்ஸ் என்று பெயர் பெற்ற இப்படலம் இன்று வேட்டை பூட்ஸ்களின் உள்ளே காலுறைபோலத் தைக்கப்படுகிறது. சாதனைதான். ஆனால் உள்ளே ஈரம் மிகுந்தும் வெளியே குறைந்தும் இருந்தால்தான் ஆவி வெளியேறும். வெளித்தோல் ஊறிக் கனத்துவிட்டால் படலம் மூச்சுத் திணறும். தோல் ஊறாமலிருக்க அதன்மேல் நீரை விலக்கும் பூச்சொன்று தேவை. அப்பூச்சு நடக்க நடக்கத் தேயும். ஆகவே விலைச்சீட்டில் உள்ள 'நீர் புகாது' என்ற சொல், எத்தனை காலத்திற்கு, எந்த நிலத்தில் என்ற கேள்விகளுக்கு விடை சொல்வதில்லை.

இவ்விரு முயற்சிகளுக்கும் நெடுங்காலம் முன்பே விடை கண்டவர்கள் இருக்கிறார்கள். கனடாவின் வடகோடியிலும் கிரீன்லாந்திலும் வாழும் இனுவிட் மக்கள் தம் காலணியைக் காமிக் என்கிறார்கள். கனடா இனுவிட் மக்களின் மொழியில் இருமை எண் உண்டு. ஒன்று காமிக், இரண்டு காமீக், பல காமீட். இணையாகவே பயன்படும் பொருளுக்கு இணைக்கென்றே ஒரு வடிவம்!

சீல் எனப்படும் கடல்நாயின் தோலால் ஆனது காமிக். அடிப்பகுதிக்குத் தடித்த தாடிச் சீல் தோல். மேற்பகுதிக்கு மென்மையான வளையச் சீல் தோல். உலு என்னும் பிறைவடிவக் கத்தியால் கொழுப்பைச் சுரண்டி, நீட்டிக் காயவைத்து, முரட்டுத் தோலைப் பல்லால் மென்று பதப்படுத்துவார்கள். குதியிலும் விரல்முனையிலும் வரும் சுருக்கங்களைக்கூடப் பல்லால் கடித்தே ஒழுங்கு செய்வது மரபு. எல்லாவற்றிலும் நுட்பமானது தையல். நீர் புகக் கூடாத இணைப்பில் ஊசி தோலை முழுவதும் துளைப்பதில்லை. தடிப்பின் பாதிவரை சென்று பக்கவாட்டில் வெளியேறிவிடும். உட்புறமாக ஒருவரிசை, வெளிப்புறமாக ஒருவரிசை. இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. ஆகவே உள்ளிருந்து வெளிவரை செல்லும் துளை ஒன்றுகூட இல்லை. நூலோ விலங்கின் தசைநாண். நனைந்தால் அது பருத்துத் தான் புகுந்த துளையைத் தானே அடைத்துக்கொள்ளும். நீரையே நீருக்குக் காவலாக நிறுத்திய இந்த அறிவுக்கு ஈடாக மெய்னில் தோற்ற முதல் தையலில் எதுவும் இல்லை.

இதைச் செய்தவர்கள் பெண்கள். நம் மொழியில் தையல் என்ற சொல் தொழிலையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். வேட்டைக்காரனின் உயிர் அவன் ஈட்டியில் இருந்த அளவுக்கு அவன் வீட்டுத் தையலின் தையலிலும் இருந்தது என்று சொன்னால் அது சொல்விளையாட்டு ஆகாது. ஜில் ஓக்ஸ், ரிக் ரீவ் ஆகிய இருவரும் இக்காலணிகளை ஆராய்ந்து எழுதி 1995இல் வெளிவந்த நூல், தலைப்பிலேயே இவற்றை இனுவிட் பெண்களின் கலை என்று அழைக்கிறது. நான் அறிவு என்றும் சேர்த்துக்கொள்வேன்.

தேர்வு பற்றிய பாடமும் இதில் இருக்கிறது. எல்லா நாளுக்கும் ஒரே காமிக் என்ற எண்ணமே அவர்களிடம் இல்லை. ஈரமான வசந்த காலத்திற்கு மயிர் நீக்கிய சீல் தோல்; உலர்ந்த கடுங்குளிருக்கு மயிரோடு கூடிய காரிபூ மான்தோல். உள்ளே தனிக் காலுறைகள். அவற்றை இரவில் எடுத்து உலர்த்தலாம். அணிபவரின் காலை அறிந்தவரே வெட்டித் தைத்தார். கடையில் வாங்குகிறவர்களுக்கும் இதே அளவுகோல் போதும் என்பது என் எண்ணம். எந்த நிலத்தில், எந்தப் பருவத்தில், எவ்வளவு தூரம் நடக்கப் போகிறோம் என்று முதலில் கேட்க வேண்டும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில், வேட்டைக்கு அணியும் அதே தடித்த காலுறையோடு போட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை தையல்கள், அவை தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் என்று திருப்பிப் பார்க்க வேண்டும். நனையவே நனையாது என்ற வாக்குறுதியைவிட, நனைந்தால் எவ்வளவு விரைவில் உலரும் என்ற கேள்வி பயனுடையது.

இனி உலகம் செய்ததைப் பார்ப்போம். நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் வெண்மயிர்க் குட்டிச் சீல்களைத் தடியால் அடித்துக் கொல்லும் படங்கள் மேலைநாடுகளை உலுக்கின. 1983இல் ஐரோப்பியச் சமூகம் அக்குட்டிகளின் தோலை இறக்குமதி செய்யத் தடை விதித்தது. இனுவிட் மக்கள் பெரும்பாலும் வேட்டையாடியது வளர்ந்த வளையச் சீல்களை. இறைச்சியை உண்டார்கள், மிஞ்சிய தோலை விற்று எரிபொருளும் தோட்டாவும் வாங்கினார்கள். தடை அவர்களைக் குறிவைக்கவில்லை. ஆனால் சந்தை வகை பிரித்துப் பார்க்கவில்லை. சீல் தோலின் விலையே சரிந்தது. 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் எல்லாச் சீல் பொருள்களுக்கும் தடையை விரித்தபோது, இனுவிட் வேட்டைக்கு விலக்கு அளித்தது. வாங்குவோர் மனத்தில் சீல் தோல் என்றாலே குற்றம் என்று பதிந்துவிட்ட பிறகு, விலக்கால் என்ன பயன்? அலெதியா அர்னாக்கக்-பரில் என்ற இனுவிட் இயக்குநர் 2016இல் எடுத்த 'ஆங்ரி இனுக்' ஆவணப்படம் இந்தக் கேள்வியைத்தான் உரத்துக் கேட்கிறது.

அதே ஆண்டுகளில் செயற்கை பூட்ஸ் சீல் தோல் சந்தித்த அளவு எதிர்ப்பு இன்றி விற்றது. படலத்தின் தயாரிப்பிலும் மேற்பூச்சிலும் நெடுங்காலம் பயன்பட்ட ஃபுளோரின் சேர்மங்கள் எளிதில் சிதைவதில்லை. தரைவிரிப்பு, தீயணைப்பு நுரை, உணவு உறை எனப் பலவற்றிலிருந்தும் இத்தகைய சேர்மங்கள் காற்றிலும் கடலிலும் கலந்தன. அவற்றுள் ஒன்று துருவக் கரடிகள், சீல்கள் உடலிலும் சேர்ந்திருப்பதை ஜான் கீசி, குருந்தாசலம் கண்ணன் ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கனடாவின் நுனாவிக் பகுதி இனுவிட் மக்களின் இரத்தத்தில் இவ்வகைச் சேர்மங்கள் சில, நாட்டின் பிற பகுதிகளைவிட மிகுதியாக இருப்பதாகப் பின்வந்த ஆய்வுகள் கூறுகின்றன. இதற்குப் பூட்ஸ் மட்டும் காரணம் அன்று. ஆனால் அதற்கும் பங்கு உண்டு. காலணி, ஆடை ஆகியவற்றில் இச்சேர்மங்களைத் தடுக்கும் சட்டத்தைப் பிரான்சு நிறைவேற்றியது 2025இல். சீல் தோலுக்கு முதல் தடை வந்து 42 ஆண்டுகள் கழித்து!

கண்ணப்பர் கதை இங்கே நினைவுக்கு வராமல் போகாது. திண்ணனார் செருப்பணிந்த காலோடு இறைவன் முன் நின்றவர். தாம் வேட்டையாடிய இறைச்சியைப் படைத்தவர். சிவகோசரியார் கண்ணில் பட்டது சிதறிக் கிடந்த எலும்பும் தசையும்தான். அவர் தீயவர் அல்லர். தமக்குத் தெரிந்த தூய்மையை நம்பியவர். இரத்தம் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் உடனே மனம் பதறுகிறது. சேர்மம் கண்ணுக்குத் தெரிவதில்லை; அதனால் தூய்மை என்று எடுத்துக்கொள்கிறோம்.

குட்டிச் சீல்களுக்காகக் குரல் கொடுத்தவர்களின் இரக்கம் பொய்யானது என்று நான் சொல்லவில்லை. எல்லோரும் சீல் தோல் அணிய வேண்டும் என்பதும் என் கட்சி அன்று. இனுவிட் வேட்டைக்காரர்களே இன்று ரப்பரும் செயற்கைப் பொருளும் கலந்த பூட்ஸை அணிகிறார்கள். காமிக் செய்ய உழைப்பும் காலமும் வேண்டும், அணிந்த பின்னும் உலர்த்தி மென்மையாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நான் கேட்பது ஒன்றுதான். ஒரு காலணி நல்லதா என்று தீர்ப்பளிக்கும்போது, அதற்காக இறந்த விலங்கை எண்ணுவதுபோல், அதைச் செய்ததில் கெட்ட நீரையும் அந்த நீரை நம்பி வாழும் மனிதரையும் சேர்த்து எண்ண வேண்டும். அந்தக் கணக்கைப் போட்ட பிறகும் காமிக்தான் கொடியது என்று ஒருவர் சொன்னால், அவரோடு வாதிட எனக்கு மறுப்பில்லை. கணக்கே போடாமல் தீர்ப்பெழுதியதைத்தான் ஏற்க முடியவில்லை.