சாலமாண்டருக்கு எத்தனை விரல்?

தேவதானப்பட்டியில் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லியையும், மஞ்சளாறு வாய்க்கால் ஓரம் குதிக்கும் தவளையையும் பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது. ஆனால் இரண்டுக்கும் எத்தனை விரல் என்று கேட்டுப் பாருங்கள், பலரும் தன் கையைப் பார்த்துவிட்டு ஐந்து என்பார்கள்! பல்லிக்கு அது சரி. தவளைக்கு முன்காலில் நான்கு, பின்காலில்தான் ஐந்து.

தவளைக்கு உறவான சாலமாண்டருக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான். பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும், ஆனால் உடம்பில் செதில் கிடையாது. தமிழ்நாட்டில் சாலமாண்டரே இல்லை. பார்க்க வேண்டுமென்றால் டார்ஜிலிங் பக்கம் போக வேண்டும். அங்கே இருக்கும் இனத்துக்கு 2015ல்தான் டைலோடோட்ரைடன் ஹிமாலயானஸ் என்று தனிப்பெயர் கிடைத்தது.

வெளிநாட்டுச் சாலமாண்டர்களில் இந்தக் கணக்கு தாறுமாறாகிறது. சைபீரியச் சாலமாண்டருக்குப் பின்காலிலும் நான்கு விரல்தான். ஐரோப்பியக் குகைகளில் வாழும் ஓல்முக்கு முன்னால் மூன்று, பின்னால் இரண்டு. அமெரிக்காவின் ஆம்ஃபியூமாவில் மூன்று இனங்கள்: ஒன்றுக்கு ஒரு விரல், இன்னொன்றுக்கு இரண்டு, மற்றதற்கு மூன்று. சைரனுக்கோ பின்காலே கிடையாது!

"தேவைப்படவில்லை, அதனால் குறைந்துவிட்டது" என்று ஒரே வரியில் இதை முடித்துவிடுவது வழக்கம். அது அரைப் பதில்தான். ஐந்தில் எந்த விரல் போகும் என்பதை அது சொல்வதில்லையே?

1985ல் ஆல்பெர்க், கேல் என்ற இருவர், செல்கள் பெருகுவதைத் தடுக்கும் கோல்ச்சிசின் மருந்தை, வளரும் கால் மொட்டுகளில் செலுத்திப் பார்த்தார்கள். ஆக்சலாட்டில் என்ற சாலமாண்டருக்குச் சுண்டுவிரல் பக்கம் குறைந்தது. தவளைக்கோ பெருவிரல் பக்கம் குறைந்தது. காரணம், சாலமாண்டருக்குப் பெருவிரல் பக்கம்தான் முதலில் உருவாகிறது, தவளைக்கு அது கடைசியில் வருகிறது. பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவருக்குத்தானே பாயசம் தீர்ந்துபோகும்? இயற்கையில் நான்கு விரலோடு பிறக்கும் சாலமாண்டர்களிலும் இல்லாமல் போனது அந்த ஐந்தாவது விரல்தான். ஆக, கால் எதற்குப் பயன்படுகிறது என்பதோடு, அது எந்த வரிசையில் வளர்கிறது என்பதும் சேர்ந்துதான் எண்ணிக்கையை முடிவு செய்கிறது. பாடம் நடத்தும்போது இந்தப் பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு டார்ஜிலிங் போக வேண்டியதில்லை, தண்ணீர்த்தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருக்கும் தவளையே போதும்.

விரலை எண்ணுவதால் என்ன லாபம் என்று கேட்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈர மண்ணில் சிசிலியன் என்றொரு பிராணி உண்டு. அதுவும் தவளை, சாலமாண்டரின் சொந்தம்தான். கால்களை முழுக்க இழந்துவிட்டது, விரல் எண்ணிக்கை பூஜ்யம். உடம்பு முழுக்க மண்புழு போல வளையங்கள், செதிலோடு மின்னும் பாம்புத்தோல் கிடையாது. விஷப்பல் வைத்துக் கடிக்கும் பிராணியும் அல்ல, மண்ணுக்குள் புழு பூச்சி தின்று வாழ்வது. ஆனாலும் மழைக்காலத்தில் தோட்டத்தில் மண்ணைக் கிளறும்போது வெளியே வந்துவிட்டால், பாம்புக்குட்டி என்று நினைத்து மண்வெட்டியாலேயே அடித்துவிடுகிறார்கள்.