முன்பல் வெறும் அழகல்ல

பதுளை அரச மருத்துவமனையில் பல் பிடுங்குவது இலவசம். அந்த இடத்தில் நிலையான பல் கட்டுவதற்குப் பெரும்பாலும் தனியார் சிகிச்சை நிலையத்துக்கே போக வேண்டும். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அதில் இந்தச் செலவுக்கு இடமிருக்கவில்லை.

அரச ஊழியருக்கு ‘அக்ரஹார’ காப்புறுதி உண்டு. தோட்டத் தொழிலாளர் அதற்குள் வருவதில்லை. அவர்களுக்காகத் தோட்ட நிர்வாகம் சம்பளத்தின் 3 சதவீதத்தை ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குச் செலுத்துகிறது. இருதய அறுவைச் சிகிச்சைக்கும் கண்வில்லைக்கும் அந்த நிதியம் உதவுகிறது. பல் அந்தப் பட்டியலில் இல்லை.

காப்புறுதிக் கணக்கில் பல் கட்டுவது ‘அழகுச் சிகிச்சை’. பசறைத் தோட்டத்திலிருந்து கொழும்புக் கடைகளில் வேலை தேடும் பிள்ளைக்கோ முன்பல் இல்லாமை நேர்முகத் தேர்விலேயே தடை. கண்வில்லைக்குக் கிடைக்கும் உதவி முன்பல்லுக்கும் வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும். அந்த நிதியம் தொழிலாளரின் உழைப்பில் சேர்ந்ததுதானே.