மலைச்சரிவுக்கு ஒரு நீதி, மூடிய அறைக்கு ஒரு நீதி

பெருநகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கஞ்சா வளர்த்தவர்கள் கைதாகும் செய்திகள் அண்மை ஆண்டுகளில் அடிக்கடி வெளிவருகின்றன. காவல்துறை காட்சிக்கு வைக்கும் பொருட்களும் பெரும்பாலும் ஒன்றே: உட்புறம் ஒளியைத் திருப்பும் சிறு கூடாரம், எல்.இ.டி. விளக்குகள், காற்றாடி, வாசனையை உறிஞ்சும் கரி வடிகட்டி, தொட்டிகள். நாளேடுகளின் வேறொரு பக்கத்தில் வேறொரு வகைக் கைதும் இடம்பெறுகிறது. ஆந்திர - ஒடிசா எல்லையின் மலைப்பகுதிகளிலிருந்து மூட்டை சுமந்து வந்த பழங்குடி இளைஞர் ரயில் நிலையத்திலோ சோதனைச் சாவடியிலோ பிடிபடுகிறார். முதல் செய்தி தொழில்நுட்ப வியப்போடு எழுதப்படுகிறது. இரண்டாவதற்குக் கிடைப்பது நான்கு வரி. செடி ஒன்றுதான், சட்டமும் ஒன்றுதான். ஆனால் அச்சட்டத்தின் எடைக்கல் இவ்விருவரையும் ஒரே விதமாக நிறுப்பதில்லை.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (என்.டி.பி.எஸ்.) கஞ்சாவை எடையால் அளக்கிறது. 2001ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் தண்டனை மூன்று படிகளாயிற்று. 1 கிலோ வரை சிறிய அளவு. ஓராண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு கடுங்காவல். இடைப்பட்டதற்கு 10 ஆண்டு வரை. வணிக அளவு எனில் 37ஆவது பிரிவு குறுக்கே வந்து நிற்கும். குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளி அல்லர் என நம்புவதற்கு நியாயமான காரணம் உண்டென்று நீதிமன்றம் கருதினாலன்றிப் பிணை இல்லை.

20 கிலோ என்பது மலைக் கஞ்சாவில் ஒரு மூட்டை. அதைச் சுமப்பவர் அதன் உடைமையாளர் அல்லர், கூலிக்குச் சுமப்பவர். முன்பணம் கொடுத்துப் பயிரிடச் செய்தவரும், நகரத்தில் வாங்கி விற்பவரும் மூட்டைக்கு அருகில் இருப்பதில்லை. எனவே பத்தாண்டுச் சிறையும் பிணை மறுப்பும் சுமந்தவரின் தலையில் விழுகின்றன.

மூடிய அறையில் விளைவது எடை குறைந்த, விலை உயர்ந்த சரக்கு. ஒளியின் நேரமும் வெப்பமும் ஈரப்பதமும் ஊட்டமும் கட்டுக்குள் வைக்கப்படுவதால், சில சதுர அடியில் ஆண்டுக்குப் பல அறுவடை எடுக்க இயலும். தேர்ந்தெடுத்த ரகங்களில் போதை தரும் டி.எச்.சி.யின் விகிதமும் மிகுதி. ஆனால் சட்டத்தின் பார்வையில் அதுவும் கஞ்சாப் பூவே. வீரியம் கணக்கில் வாராது. சிறிய அறையின் விளைச்சல் 20 கிலோவை எட்டுவது அரிது. ஆகவே 37ஆவது பிரிவின் தடையும் பெரும்பாலும் குறுக்கே வாராது. நல்ல வழக்கறிஞரை அமர்த்த வசதியுள்ளவருக்குப் பிணையின் கதவு திறந்தே இருக்கிறது. அவரைப் பத்தாண்டு சிறையில் தள்ள வேண்டும் என்பதல்ல இங்கு வாதம். விலையையும் வீரியத்தையும் விட்டுவிட்டு எடையை மட்டும் பார்க்கும் சட்டம், மூலதனம் உள்ளவரிடம் இலேசாகவும் முதுகில் சுமப்பவரிடம் கனமாகவும் விழுகிறது என்பதே வாதம்.

பயிரிடுதல் குறித்த 20(அ) உட்பிரிவிலோ படிநிலையே இல்லை. ஒரு தொட்டியில் ஒரு செடி வளர்த்தாலும் ஓர் ஏக்கரில் பயிரிட்டாலும் 10 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

வெயிலும் மழையும் தாராளமாக உள்ள நாட்டில், திறந்த வெளியில் தானே வளரும் ஒரு செடி மின்விளக்கின் கீழ் ஏன் குடியேறியது? தடையும் கண்காணிப்பும் உற்பத்தியைக் கண்ணுக்குத் தெரியாத இடத்திற்குத் தள்ளின. மறைத்து வைக்க எளிதான, சிறிய அளவில் பெருவிலை தரும் சரக்கிற்கே சந்தை பரிசளித்தது. அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் டி.எச்.சி. 1995இல் சுமார் 4 விழுக்காடாக இருந்து 2014இல் சுமார் 12 விழுக்காடாக உயர்ந்தது. இதன் சூழலியல் விலையும் சிறிதன்று. அந்நாட்டின் பல பகுதிகளைக் கணக்கிட்ட 2021ஆம் ஆண்டு ஆய்வொன்று, அறைக்குள் விளையும் ஒரு கிலோ உலர்பூவுக்கு 2,283 முதல் 5,184 கிலோ கரியமில வாயுவுக்கு இணையான வெளியேற்றம் நிகழ்வதாகக் காட்டியது. சூரியன் இலவசமாகத் தருவதை மின்சாரத்தால் விலைக்கு வாங்கும் இந்த முறையைத் ‘திறன்மிக்கது’ என அழைப்பது, இலாபக் கணக்கை மட்டும் திறன் எனக் கொள்ளும் பார்வை.

சில நாடுகள் வேறு வழி கண்டுள்ளன. உருகுவே 2013இலும், கனடா 2018இலும், ஜெர்மனி 2024இலும் சட்டங்களை மாற்றி, முறையே ஆறு, நான்கு, மூன்று செடிகளைச் சொந்தப் பயன்பாட்டிற்கு வீட்டில் வளர்க்க இசைவளித்தன. தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தனியிடத்துப் பயன்பாட்டையும் வளர்ப்பையும் தனியுரிமையின் பெயரால் குற்றப்பட்டியலிலிருந்து விலக்கியது. எனினும் இவற்றை அப்படியே இந்தியாவுக்குப் பெயர்த்து நடுவது எளிதன்று. தனியறை உள்ளவருக்கே தனியுரிமை பயன்படும். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் வாழும் தொழிலாளிக் குடும்பத்திற்கு அந்தச் சலுகை ஏட்டுச் சுரைக்காய்.

இயக்கத்திற்குள்ளேயே ஒரு தயக்கம் உண்டு: இளைஞர்களைச் சீரழிக்கும் பொருளைப் பற்றி இடதுசாரிகள் இவ்வளவு பரிவுடன் பேசலாமா? கேள்வி நியாயமானதே. கஞ்சா தீங்கற்றது என எவரும் சொல்ல வேண்டியதில்லை. வளரிளம் பருவத்தினர் தொடர்ந்து பயன்படுத்துவது மனநலத்தைக் கெடுக்கிறது. 2019இல் ஒன்றிய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, கஞ்சா சார்ந்த சிக்கல்களுக்கு உதவி தேவைப்படுவோர் ஏறத்தாழ 72 லட்சம் பேர். இவர்களுக்குத் தேவை மருத்துவரும் மனநல ஆலோசகரும். சிறைவாசம் அவர்களை மேலும் ஆழமான வணிக வலைக்குள் தள்ளும். தாமாகச் சிகிச்சைக்கு முன்வருவோருக்கு வழக்கிலிருந்து விலக்களிக்கும் 64ஏ பிரிவு அதே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அரசுச் சிகிச்சை மையங்கள் போதுமான அளவில் இல்லாத இடத்தில் அப்பிரிவால் யாருக்குப் பயன்?

இன்னொரு புறம் ‘ஹெம்ப்’ என்னும் பெயரில் அதே செடி மரியாதை பெற்று வருகிறது. டி.எச்.சி. 0.3 விழுக்காட்டிற்கு மிகாத ரகங்களை நாருக்கும் விதைக்கும் பயிரிட உத்தரகாண்ட் 2018இல் உரிமம் வழங்கியது. இமாசலப் பிரதேசமும் அவ்வழியில் அடியெடுத்து வைத்துள்ளது. நோக்கம் நன்று. ஆனால் இமயமலைச் சரிவுகளின் நாட்டு ரகங்கள் பொதுவாக அந்த வரம்பைத் தாண்டுபவை. தலைமுறைகளாகக் காத்த விதையைக் கைவிட்டு, சான்றளித்த விதைக்கு நிறுவனங்களிடம் கையேந்தும் நிலை விவசாயிக்கு நேரலாம். அப்போது நேற்றைய குற்றவாளி இன்றைய ஒப்பந்தக் கூலி ஆவார். இலாபம் வேறிடம் போய்ச் சேரும்.

ஆங்கிலேய ஆட்சியில் அமைந்த இந்தியக் கஞ்சா ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 1894இல் முழுத் தடை வேண்டாம், வரியும் உரிமமும் போதும் எனப் பரிந்துரைத்தது. அம்முடிவில் காலனியக் கருவூலத்தின் கணக்கும் கலந்திருந்தது. விடுதலை பெற்ற நாட்டின் சட்டம் கருவூலத்தையும் சிறைச்சாலையையும் கடந்து உழைப்பவரின் வாழ்வை அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

அதன் முதற்படிகள் தெளிவானவை. சொந்தப் பயன்பாட்டைச் சிறைக்குரிய குற்றமாகக் கருதுவது நீங்க வேண்டும். பயிரிடுதலுக்கும் கடத்தலுக்கும் தண்டனை வகுக்கையில் எடையோடு வீரியமும், வணிகச் சங்கிலியில் ஒருவர் வகிக்கும் இடமும் கருதப்பட வேண்டும். கூலிச் சுமைதாரருக்குப் பிணை பெறும் உரிமை மீள வேண்டும். ஆந்திர - ஒடிசா எல்லையில் பயிரை அழிக்கப் படைகளை அனுப்பும் அரசு, அதே மலைகளின் காப்பிக்கும் மஞ்சளுக்கும் சிறுவனப் பொருட்களுக்கும் உறுதியான கொள்முதல் விலை தர வேண்டும். நிலப்பட்டாவும் தர வேண்டும். ஹெம்ப் விதையை வேளாண் பல்கலைக்கழகங்கள் உருவாக்கி, கூட்டுறவுகள் வழியே வழங்க வேண்டும்.

மூட்டை சுமந்த இளைஞர் சிறையில் விசாரணைக்காகக் காத்திருக்கும் ஆண்டுகளில், அவரது மலையில் வேறொருவர் அந்த மூட்டையைச் சுமக்கத் தொடங்கியிருப்பார். அவரை அங்கு நிறுத்தும் வறுமையை மாற்றாத வரை, எத்தனை ஏக்கர் பயிரை அழித்தாலும், எத்தனை அறைகளின் கதவை உடைத்தாலும் வணிகம் தன் வழியில் நடந்துகொண்டேயிருக்கும்.