தாயின் பங்கு



மீள்குடியேறிய கிராமமொன்றில் கர்ப்பிணித் தங்கை ஒருத்தியைப் பார்க்கப் போனேன். முதல் நாள் மயங்கி விழுந்திருந்தாள். கிளினிக்கில் கொடுத்த குளிசைகள் பிரிக்கப்படாமலே இருந்தன. "பிள்ளையள் சாப்பிட்டு மிஞ்சினதுதான் அக்கா எனக்கு. வெறும் வயித்தில போட்டால் சத்தி வருது" என்றாள்.

அவளுக்கு லூசி வில்ஸ் என்ற இரத்தநோய் ஆய்வாளரைப் பற்றிச் சொன்னேன். 1920இல் லண்டனில் மருத்துவரான அவர், 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஏழைக் கர்ப்பிணிகள் கடும் இரத்தச்சோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். அவர் அவர்களுடைய சாப்பாட்டைக் கவனித்தார். அதே சத்தற்ற உணவைக் குரங்குகளுக்குக் கொடுத்தபோது அவற்றுக்கும் சோகை வந்தது. நம் கடைகளில் விற்கும் மாமைட்டைக் கொடுத்ததும் தேறின. பெண்களும் தேறினார்கள். 1931இல் இதை வெளியிட்டார். மாமைட்டில் இருந்த அந்தச் சத்துக்கே பின்னாளில் போலிக் அமிலம் என்று பெயர் வந்தது.

கிளினிக்கில் தரும் போலிக் அமிலக் குளிசை அதுதான். பசளி, முருங்கையிலை, பயறு ஆகியவற்றிலும் அது உண்டு. கீரையை அதிகம் அவித்தால் அழிந்துவிடும். இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீருடன் எடுக்காதீர்கள். சத்தி வந்தால், நீங்களாக நிறுத்தாமல் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள்.

இடம்பெயர்ந்து திரிந்த நாட்களில் எங்கள் அம்மாமார் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீரைக் குடித்துப் படுத்தார்கள். போர் முடிந்தும் அந்தப் பழக்கம் எங்களை விடவில்லை. பிள்ளைகளுக்குப் போடும்போதே உங்கள் பங்கையும் எடுத்து வையுங்கள். நீங்கள் விழுந்தால் அவர்களை யார் பார்ப்பது?