மாமா என்னும் சொல்

சென்ற மாதம் பழனி வட்டத்துக் கீரனூருக்கு ஒரு காதுகுத்துக் கல்யாணத்துக்காகப் போயிருந்தோம். புதுக்கோட்டைச் சீமையிலும் ஒரு கீரனூர் உண்டு, அது வேறு. மேளம் முழங்க, தட்டுத் தட்டாகச் சீர்வரிசை பின்தொடர, தாய்மாமன் வந்து சேர்ந்தார். குழந்தையை மடியில் இருத்திக்கொண்டார். ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை வீரிட்டது. கண் கலங்கியவர் மாமன். அந்தக் காட்சியைக் கண்டு மனம் நிறைந்து திரும்பினோம்.

பஸ் நிலையத்தில் இரண்டு ஆசாமிகளுக்குள் வாய்ச்சண்டை. ஒருவர் மற்றவரைப் பார்த்து, "நீ ஒரு மாமா!" என்றார். அவ்வளவுதான்! சொல்லப்பட்டவர் பாய்ந்து சொன்னவரின் சட்டையைப் பிடித்துவிட்டார். எங்களுடன் வந்திருந்த நண்பரின் பேரனுக்குப் பன்னிரண்டு வயது. "மாமா என்று கூப்பிட்டால் அவர் ஏன் தாத்தா கோபித்துக் கொள்கிறார்?" என்று கேட்டான். நாம் உடனே கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்து அவன் வாயை அடைத்தோம். ஆனால் நம் மனத்தின் வாயை அடைக்க மிட்டாய் ஏது? குடும்பத்தார் கூடியிருந்து படிக்கும் பத்திரிகையில் இந்த விஷயத்தை எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். தெருவில் கூவப்படும் சொல்லை வீட்டில் விளக்காமல் விட்டால், விளக்கும் வேலையைத் தெருவே ஏற்றுக்கொள்ளும் என்பதே நம் பதில்.

திண்டுக்கல் சீமையில் மாமன் என்றால் லேசான உறவல்ல. பெண் பருவமெய்தினால் பச்சை ஓலைக் குடிசை கட்டுகிறவர் அவர்; மணவறையில் முதல் மரியாதைக்கு உரியவர் அவர். கட்டிய கணவனையே 'மாமா' என்று அழைக்கும் பெண்களும் இங்கே உண்டு. இத்தனை மதிப்புள்ள சொல்லே, பெண்ணை அந்நியனிடம் கொண்டுவிட்டுக் கூலி வாங்குகிறவனுக்கும் பெயராகிவிட்டது. பிறகு 'மாமா வேலை' என்பது இன்னும் பரவி, பெரிய மனிதருக்குப் பல்லைக் காட்டிக் காரியம் சாதிக்கும் எல்லோரையும் ஏசும் வார்த்தையாயிற்று. அரசியல் மேடைகளில் கூட அதைக் கேட்கிறோம்.

இடையில் நின்று இருவரைச் சேர்த்துவைப்பது எப்போதுமே இழிவான காரியமாக இருந்ததில்லை. தொல்காப்பியர் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே தூது நடக்கும் 'வாயில்கள்' என்று பன்னிரண்டு பேரை எண்ணிக் காட்டுகிறார். தோழி, பாணன், விறலி ஆகியோர் மட்டுமல்ல, அறிவர் கூட அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் பரத்தை வீட்டிலிருந்து திரும்பும் தலைவனுக்காகப் பரிந்து பேச வந்த பாணன், மருதத் திணைப் பாட்டுகளில் வாங்கிய வசவுகளுக்குக் கணக்கில்லை. தூது என்பது எந்த இடத்தில் தரகு ஆகிறது என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்திருந்தது.

சிலப்பதிகாரத்தில் அந்த இடம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் விலையுள்ள மாலையைக் கையில் ஏந்தி, நகரத்துச் செல்வ இளைஞர் உலவும் தெருவில் ஒரு கூனி நிற்கிறாள். மாலையை வாங்குகிறவன் மாதவியின் வீட்டுக்கு வரலாம். கோவலன் வாங்கினான், பிறகு நடந்தது நமக்குத் தெரியும். ஒரு குடும்பம் கவிழ்ந்தது. ஒரு நகரம் எரிந்தது. மணிமேகலையிலோ, துறவு பூண்ட பெண்ணை அரசகுமாரனிடம் சேர்க்கப் பாடுபடுகிறவள் சித்திராபதி. வேறு யாருமல்ல, சொந்தப் பாட்டி! நம் திண்டுக்கல் சீமையைச் சேர்ந்த நிலக்கோட்டைப் பாளையக்காரர் கூளப்ப நாயக்கர் பேரில் சுப்ரதீபக் கவிராயர் பாடிய விறலி விடு தூதில், வந்தவனின் கைப்பொருளைக் கறக்கும் வித்தையைப் பெண்ணுக்குப் பாடமாகச் சொல்லித் தருகிறவள் தாய்க்கிழவி.

ஆங்கிலேயரின் பாஷையிலும் இதே கதைதான். 'பிம்ப்' என்ற சொல்லைப் போலவே 'பாண்டர்' என்று இன்னொரு சொல் அங்கே உண்டு. அது பாண்டரஸ் என்ற பாத்திரத்தின் பெயரிலிருந்து வந்தது. டிராய் நகரத்துக் கதையைச் சாஸர் பாடினார், ஷேக்ஸ்பியரும் நாடகமாக்கினார். இரண்டிலும் டிராய்லஸ் என்ற இளவரசனிடம் கிரெஸிடா என்ற பெண்ணைச் சேர்த்துவைக்கிறவன் இந்தப் பாண்டரஸ். அவன் அந்தப் பெண்ணுக்கு என்ன உறவு தெரியுமா? மாமன்! கீரனூர் பஸ் நிலையமும் ஷேக்ஸ்பியரும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போவது வேடிக்கைதான். பிரெஞ்சுக்காரர்கள் இத்தொழில்காரனுக்கு வைத்திருக்கும் பெயர், 'தரகன்' என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது.

ஆக, உலகம் இந்த மனிதனுக்குத் தேடிக் கொடுத்த பெயர்கள் இரண்டு வகை: ஒன்று உறவுக்காரன், மற்றொன்று வியாபாரி. இரண்டும் காரணப் பெயர்கள்தாம். உறவு சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறான். வியாபாரம் செய்துவிட்டு வெளியேறுகிறான். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் தரகரையும், ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டியில் கமிஷன் வாங்குகிறவரையும் நாம் குறை சொல்லவில்லை. மாடும் முருங்கைக்காயும் விலைக்கு வந்த பண்டங்கள். பெண் பண்டமல்லள், தரகு அங்கேதான் பாவமாகிறது.

அமெரிக்காவில் இந்தச் சொல்லுக்கு இப்போது புது மவுசு வந்திருக்கிறது. பழைய மோட்டார் வண்டியைப் பளபளவென்று சிங்காரிப்பதற்கே 'பிம்ப்' என்று பெயர் சூட்டி, 2004இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கினார்கள். 2006இல் பிம்பின் கஷ்ட நஷ்டங்களைச் சொல்லும் சினிமாப் பாட்டொன்று ஆஸ்கார் பரிசே பெற்றது. பளபளக்கும் உடையும் தங்கச் சங்கிலியும் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்கு விலை கொடுத்த பெண் மட்டும் நினைவுக்கு வருவதில்லை.

சட்டம் அவளை அவ்வளவு எளிதில் மறக்கவில்லை. 1930இல் சென்னை மாகாணத்தில் விபசார வியாபாரத்தை ஒடுக்கும் சட்டம் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முதலியோரின் இடைவிடாத உழைப்பின் பயனாக, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதை 1947ஆம் வருஷத்துச் சட்டம் தடுத்தது. சுதந்திர பாரதத்தின் 1956ஆம் வருஷத்துச் சட்டமே, பின்னர் திருத்தங்கள் பெற்று, இன்றும் அமலில் இருக்கிறது. ஒருவரை இத்தொழிலுக்குக் கொண்டு சேர்க்கிறவனுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை கடுங்காவல் என்றும், பிறருடைய இந்தச் சம்பாத்தியத்தில் வாழ்வதே குற்றம் என்றும் அது சொல்கிறது. ஒருவன் 'பிம்ப்' ஆக நடந்துகொண்டதாக நிரூபணமானால், அவன் அந்தச் சம்பாத்தியத்தில் வாழ்கிறவன் என்றே கொள்ளப்படும். இல்லையென்று காட்டும் பொறுப்பு அவனுடையது. ஆனால் 'பிம்ப்' என்றால் யார் என்பதற்கு அந்தச் சட்டம் இலக்கணம் எழுதவில்லை. ஊரறிந்த ஆசாமிக்கு அறிமுகம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போலும்!

இங்கே நமக்கு ஒரு கணக்கு உதைக்கிறது. இந்த வியாபாரத்தில் பெண்ணுக்கு நம் பாஷை சூட்டிய பெயர்கள் எத்தனை? பரத்தை, கணிகை, வேசி, விலைமகள் என்று நிகண்டு நிறைய இருக்கின்றன. தரகனுக்கென்று தனிப்பெயர் தேடினால், நல்ல உறவிலிருந்து ஒன்றை இரவல் வாங்கவேண்டியிருக்கிறது. காசு கொடுத்து வாங்குகிறவனுக்கோ இழிவான பெயர் ஒன்றுகூட இல்லை. அவனை 'மைனர்' என்று செல்லமாகச் சொல்லி, மைனர் செயின் என்று நகைக்கும் அவன் பெயரையே வைத்தோம். சட்டப் புத்தகத்தில் 'மைனர்' என்றால் வயது வராத குழந்தை. வாங்குகிறவனும் விற்கப்படும் சிறுமியும் ஒரே பெயரைச் சுமக்கும் கொடுமையை என்னவென்று சொல்ல! தேவதாசிக் குலத்தில் வளர்ந்து அந்த வழக்கத்தையே எதிர்த்துப் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், 1936இல் தாம் வெளியிட்ட நாவலின் தலைப்பிலேயே 'மதிபெற்ற மைனர்' என்று எழுதினார். மதி வரவேண்டியது யாருக்கு என்று அம்மையாருக்குத் தெரிந்திருந்தது.

தரகன் இன்று எந்த வேஷத்தில் வருகிறான் என்பதையும் சொல்லியாக வேண்டும். பட்டணத்தில் வேலை என்கிறான். சினிமாவில் வாய்ப்பு என்கிறான். செலவில்லாமல் கல்யாணம் என்கிறான். மூன்று வருஷம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று ஆசை காட்டி, நூல் ஆலைகளுக்குப் பெண்களைச் சேர்த்துவிட்டுத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் பெற்ற தரகர்களைத் திண்டுக்கல் ஜில்லா அறியும். அது வேறு தொழில், வேறு விஷயம். இரண்டையும் ஒன்றென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் நம் பெண்ணை அனுப்புவதால் நடுவில் ஒருவனுக்குப் பணம் கிடைக்கிறது என்றால், அவன் எவ்வளவு நெருங்கிய உறவு கொண்டாடினாலும், வாசலில் நிறுத்தி நாலு கேள்வி கேட்பது பெற்றோரின் கடமை.

அந்தப் பையனுக்கு நாம் ஒரு பதில் கடன்பட்டிருக்கிறோம். அடுத்த முறை பார்க்கும்போது இப்படிச் சொல்லப் போகிறோம்: "தம்பி, உன்னை மடியில் வைத்துக் காது குத்திய மாமாவின் நல்ல பெயரை ஒரு திருடன் திருடிக்கொண்டான். திருடனைத் திருடன் என்று சொல். மாமாவை மாமாவிடமே விட்டுவிடு."