ரோபோட்டிக் சர்ஜரி: பில்லுக்கு அப்புறம் வர்ற ஒரு வருஷத்துக்கு காசு எங்கே?

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ 65, 70 வயசுல குடல் புற்றுநோய்னு ரிப்போர்ட் வருது. ஓபன், லேப்ராஸ்கோபி, ரோபோட்டிக்னு மூணு வழி சொல்றாங்க. ரோபோட்டிக்குக்கு எஸ்டிமேட் அதிகம். "பணத்தைப் பத்தி கவலைப்படாதீங்க டாக்டர், பெஸ்ட் எதுவோ அதையே பண்ணுங்க"னு பாசத்துல சொல்லிடுவோம். என் கருத்து வேற. பணத்தைப் பார்க்கணும். பெத்தவங்களுக்காகவே பார்க்கணும்.

நான் ஆடிட்டர், டாக்டர் இல்ல. வெளிவந்த ஆய்வு முடிவை மட்டும் சொல்றேன். மலக்குடல் புற்றுநோய் வந்த 471 பேரை வெச்சு 10 நாடுகள்ல நடந்த ரோலார் ஆய்வு 2017-ல வெளியாச்சு. சர்ஜரி பாதியில ஓபனுக்கு மாறுனது ரோபோட்டிக்ல 8.1%, லேப்ராஸ்கோபியில 12.2%. புள்ளியியல் கணக்குப்படி இதை உறுதியான வித்தியாசம்னு எடுத்துக்க முடியல. சிறுநீர் செயல்பாட்டுலயும் தெளிவான வித்தியாசம் இல்ல. ஆனா 2022-ல வந்த ஒரு பெரிய சீன ஆய்வுல, அனுபவமுள்ள சர்ஜன்கள் பண்ணப்போ ரோபோட்டிக் குழு சீக்கிரம் தேறுச்சு. அதனால கட்டி எங்க இருக்கு, சர்ஜனோட அனுபவம் எவ்வளவுன்னு கேட்காம மெஷினுக்கு மட்டும் காசு கொடுக்கிறதுல அர்த்தம் இல்ல.

இப்போ இன்சூரன்ஸ். 2019 ஐஆர்டிஏஐ வழிகாட்டுதலுக்கு அப்புறம் ரோபோட்டிக் சர்ஜரியை பாலிசியில இருந்து முழுசா ஒதுக்க முடியாது. ஆனா உச்சவரம்பு வைக்கலாம். உதாரணத்துக்கு, ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில இது காப்பீட்டுத் தொகையில 50% வரைக்கும்தான். 5 லட்சம் பாலிசி, பில் 4.5 லட்சம்னு வெச்சுக்கோங்க. வரம்பு 2.5 லட்சம். மீதி 2 லட்சமும், 5% கோ-பேயும் உங்க பாக்கெட்ல இருந்துதான். அதே பில் லேப்ராஸ்கோபிக்குன்னா இந்த 50% வெட்டு கிடையாது.

அந்த 2 லட்சத்தை பர்சனல் லோன் போட்டு கட்டிட்டா, அடுத்த மாசம் என்ன பண்ணுவீங்க? வயசானவங்களுக்கு வாழ்க்கைத்தரம்ங்கிறது ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியிலதான் இருக்கு. மலக்குடல் சர்ஜரிக்கு அப்புறம் சிலருக்கு ஒரு நாளைக்கு பலமுறை டாய்லெட் போக வேண்டியிருக்கும், அடக்க முடியாது. பஸ்ல ஏறவும், கல்யாணத்துக்குப் போகவும் பயப்படுவாங்க. சிலருக்கு வயித்துல ஸ்டோமா பை தேவைப்படும். அது மாசா மாசம் செலவு. பிசியோ, நல்ல சாப்பாடு, பகல்ல கூட இருக்க ஒரு ஆள் எல்லாம் வேணும். ஆரோக்கிய சஞ்சீவனியில டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய மருத்துவச் செலவு 60 நாள் வரைதான். அதுக்கப்புறம் உங்க சம்பளம்தான்.

அதனால முடிவெடுக்கிறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க:

1. டாக்டர்கிட்ட கேளுங்க: இந்தக் கட்டிக்கு, இந்த வயசுக்கு ரோபோட்டிக்ல கூடுதல் பலன் என்ன? நீங்க இதுவரை எத்தனை பண்ணியிருக்கீங்க? பை நிரந்தரமா, தற்காலிகமா?

2. பாலிசியில "நவீன சிகிச்சை" வரம்பைப் படிங்க. எவ்வளவு கிடைக்கும்னு எழுத்துல வாங்குங்க.

3. ஒரு வருஷப் பராமரிப்புச் செலவைத் தனியா எடுத்து வெச்சிட்டு, மிச்சம் இருந்தா மட்டும் ரோபோட்டிக்கை யோசிங்க.

4. பழைய வரி முறையில இருந்தா வரிக் கழிவையும் பாருங்க. உங்களைச் சார்ந்திருக்கிற மூத்த குடிமக்களோட புற்றுநோய் சிகிச்சைக்கு 1 லட்சம் வரை கழிவு உண்டு. இன்சூரன்ஸ்ல வந்த தொகையைக் கழிக்கணும். ஸ்பெஷலிஸ்ட் பிரிஸ்கிரிப்ஷன் கட்டாயம்.

இன்னொண்ணு, அப்பா அம்மாகிட்டயே கேளுங்க. "சீக்கிரம் நடக்கணும்", "யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது"ன்னு அவங்களுக்கு ஒரு கணக்கு இருக்கும். நம்ம எக்ஸெல் ஷீட்ல முதல் வரி அதுவா இருக்கட்டும்.

வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கிறப்பவே, இன்னைக்கு நைட் பாலிசி பிடிஎஃப்பைத் திறந்து அந்த ஒரு பக்கத்தை மட்டும் படிச்சிடுங்க.